உப்புநீரில் போட வேண்டிய ஒரு துண்டு

காசநோய்ப் பரிசோதனை பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், ‘இப்பெல்லாம் ரெண்டு மணி நேரத்துல ரிசல்ட் வந்துடும்’ என்பார். பொய்யில்லை. அந்த வேகத்தை நானே பார்த்திருக்கிறேன். காலையில் கொடுத்த மாதிரிக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் விடை வந்திருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி அந்த இரண்டு மணி நேரச் சோதனைக்குப் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆயிற்று. இயந்திரம் பழுதாகவில்லை. மாதிரியை ஊற்றும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோகவில்லை. மருத்துவர், செவிலியர், பரிசோதனைக்கூடம் எல்லோரும் பழக்கப்பட்ட வேலையைப் பழக்கப்பட்டபடி செய்தார்கள். அப்படியும் எப்படி இத்தனை காலம் கழிந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் அக்கா மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி. வலியில்லை, காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. தலையில் பொடுகு இருந்தால் நெறி கட்டும் என்று அக்கா கொஞ்ச நாள் விட்டாள். தெரு முனை டாக்டர் ஆண்டிபயாட்டிக் கொடுத்தார். கரையவில்லை. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்ததில் தெளிவாக ஒன்றும் வரவில்லை. வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் கட்டியை முழுதாக எடுத்தார். எடுத்ததை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, பெயர் ஒட்டி, பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் கிரானுலோமா என்ற அழற்சி முடிச்சு, நடுவில் பாலாடைக்கட்டி போல் அழுகிய திசு, காசநோயாக இருக்கலாம் என்று வந்தது. புற்றுநோய் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் அக்கா மற்ற வரிகளைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை.

‘மாமா, டிபின்னா இருமணும்ல? எனக்கு இருமலே இல்லையே’ என்று அவள் கேட்டாள். நம் ஊரில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தியாவில் காசநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியேதான் இருக்கிறது. நெறிக்கட்டி, நுரையீரல் உறை, முதுகெலும்பு, மூளை உறை, கர்ப்பப்பை என்று எங்கு வேண்டுமானாலும் உட்காரும். காசநோய்க்கான நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரையை எடைக்கேற்பத் தினமும் கொடுத்தார்கள். அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷய் தளத்தில் பெயர் பதிவானது. உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண் வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. இரண்டாம் மாத முடிவில் தழும்புக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டி கிளம்பியது. இது முதல் கட்டியைவிடப் பெரியது, தொட்டால் மெத்தென்று இருந்தது.

அந்த அறையில் கேட்டது

நெஞ்சக நோய் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். பயாப்ஸி அறிக்கையை நிதானமாகப் படித்தார், கட்டியை விரலால் அளந்தார், பிறகு சொன்னார்: ‘இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். மருந்து நல்லா வேலை செஞ்சு, செத்த கிருமிய உடம்பு எதிர்த்துக்கிட்டு இருந்தாலும் நெறி வீங்கும். அது தானா அடங்கிடும். இல்லன்னா, கிருமி மருந்துக்குக் கட்டுப்படல. வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாதான் இருக்கும். முதல்ல எடுத்த துண்டுல அந்த ரெண்டு மணி நேர டெஸ்ட், சிபிநாட், பண்ணியிருந்தா இன்னைக்குப் பாதி பதில் நம்ம கையில இருந்திருக்கும்.’

‘அந்தத் துண்டு லேப்லதானே டாக்டர் இருக்கும்? அதுலயே பண்ணிடலாமே?’ என்றேன்.

‘முழுசையும் ஃபார்மலின்ல போட்டுட்டாங்களே. கொஞ்சம் சலைன்லயும் போட்டிருக்கணும்.’

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அடிக்கடி பார்த்துப் பழகிய அலுப்புதான் இருந்தது. எனக்கு அந்த வாக்கியம் அப்போது முழுதாகப் புரியவில்லை. மருந்துக் கடையில் பத்திருபது ரூபாய்க்குக் கிடைக்கிற உப்புநீருக்கும், பல லட்ச ரூபாய் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு? வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

ஃபார்மலின் திசுவை அழுகவிடாது. அதற்காக அது செய்யும் வேலை, புரதங்களை ஒன்றோடொன்றும் டிஎன்ஏவோடும் பிணைத்து இறுக்கிவிடுவது. நுண்ணோக்கியில் உயிரணுக்களின் வடிவத்தைப் பார்க்கிற நோய்க்கூற்று மருத்துவருக்கு அது அவசியம். அதில்லாமல் புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது கடினம். ஆனால் அதே ஃபார்மலினில் காசநோய்க் கிருமி செத்துவிடும். ஆகவே அதை வளர்த்துப் பார்க்க வழியில்லை. டிஎன்ஏ பிணைந்தும் துண்டு துண்டாகவும் போய்விடுவதால், மரபணுவைப் பிரதியெடுக்கும் சோதனைக்கும் அது ஒத்துவராது. அப்படிப்பட்ட திசுவிலும் பிசிஆர் என்னும் அந்தப் பிரதியெடுப்பைச் செய்கிற சில கூடங்கள் இருக்கின்றன, ஆனால் தவறவிடுவது அதிகம். சிபிநாட் கார்ட்ரிட்ஜ் புது மாதிரிக்கென்று செய்தது. திசுவில் பாதியை ஃபார்மலினிலும் பாதியைச் சாதாரண சலைனிலும் போட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்களில் இருக்கிறது. அறுவை அரங்கின் தள்ளுவண்டியில்தான் பல இடங்களில் இல்லை. அங்கே வழக்கமாக இருப்பது ஒரே பாட்டில். அதில் ஏற்கெனவே ஃபார்மலின் ஊற்றி வைத்திருப்பார்கள்.

இயந்திரம் கேட்கும் கேள்வி

அந்தச் சோதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்த காலம் தொட்டு, நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஏழை நாடுகளில் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்பதே கதி. ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணுக்குப் படும். மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதை அதைக் கொண்டு சொல்லவே முடியாது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், சிபிநாட் செய்யும் இயந்திரமான ஜீன்எக்ஸ்பர்ட்டைப் பரிந்துரைத்தபோது கதை மாறியது. 2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்கள் வந்த பிறகு, அங்குள்ள அஞ்சல் நிலையங்களில் கிருமியைக் கண்டுபிடிக்கவும் இந்த இயந்திரத்தைத் தயாரிக்கும் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைத்தான் வைத்தார்கள். சளியில் ஒரு திரவத்தைக் கலந்து, குலுக்கி, கால் மணி நேரம் வைத்து, கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் போதும். உள்ளேயே கிருமி உடைந்து, அதன் மரபணுவின் ஒரு சிறு பகுதி கோடிக்கணக்கில் பெருகும். மில்லிக்கு நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலே பிடித்துவிடும். 2017இல் பரிந்துரைக்கப்பட்ட அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் பதினாறு அளவுக்கே இறங்கியது. நம் நாட்டில், கோவாவில் உருவான, இதே மாதிரி வேலை செய்யும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும். ஏசி அறை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில், சித்திரை வெயிலிலும் வேலை செய்யும். 2020இல் அதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது. ஒரு கிராமத்துச் செவிலியர் இருக்கும் இடத்தில் மரபணுச் சோதனை நடக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஆனால் இந்தக் கார்ட்ரிட்ஜ் கேட்பது இரண்டே கேள்விதான். காசநோய்க் கிருமி இருக்கிறதா? இருந்தால், அதன் ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி மாறியிருக்கிறதா? காசநோய் மருந்துகளில் முக்கியமான ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமிகளில் நூற்றுக்கு தொண்ணூற்றைந்துக்கும் மேல் அந்தப் பகுதியில்தான் மாற்றம் இருக்கும். அதனால் அந்த ஒரு பகுதியைப் பார்த்தாலே ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்று சொல்லிவிடலாம். மற்ற மருந்துகளைப் பற்றி அது வாயே திறக்காது. இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

இரண்டாவது கட்டியிலிருந்து சீழை ஊசியால் எடுத்தார்கள். இந்த முறை அம்மையார் தானே கூட நின்று, சலைன் இருந்த சுத்தமான டப்பாக்களில் பிரித்துப் போடச் சொன்னார். ஒன்று சிபிநாட்டுக்கு, ஒன்று கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு. அரசுக் காசநோய்ப் பிரிவின் பரிசோதனைக்கூடத்துக்கு நான்தான் கொண்டு போனேன். தனியாரிடம் சிகிச்சை பெறுபவருக்கும் அங்கே இலவசமாகவே செய்தார்கள். லேப் டெக்னீஷியன் தம்பி டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ‘சலைன்தானே சார்? ஃபார்மலின் இல்லையே?’ என்று இரண்டு தடவை கேட்டார். மாதத்துக்குச் சில மாதிரியாவது ஃபார்மலினில் வருமாம், திருப்பி அனுப்புவாராம். ‘திருப்பி அனுப்பினா எங்கேர்ந்து சார் மறுபடி கொண்டு வருவாங்க? அறுத்து எடுத்தாச்சே’ என்றார். பலருக்கு அத்தோடு அந்த வழி அடைபட்டுவிடும். பின்னால் இன்னொரு கட்டி கிளம்பினால்தான் மறுவாய்ப்பு.

அன்று மதியமே விடை வந்தது. கிருமி இருக்கிறது, குறைந்த அளவில். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. அக்காவுக்குப் போன் செய்தேன், அழுதுவிட்டாள். மருத்துவர் மட்டும் முழுதாக மகிழவில்லை. ‘ரிஃபாம்பிசின் பத்திதான் தெரிஞ்சிருக்கு. இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியசிட் பத்தித் தெரியல. கல்ச்சர் வளரட்டும்’ என்றார்.

கிருமி வளர வாரக்கணக்கில் ஆயிற்று. காசநோய்க் கிருமி அவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம். திரவக் கல்ச்சரில் ஆறு வாரம் வரை காத்திருந்துதான் இல்லை என்று சொல்வார்கள். வளர்ந்ததை எடுத்து, ஐசோனியசிட் எதிர்ப்பையும் காட்டும் லைன் புரோப் என்ற மரபணுச் சோதனை செய்தபோது கேட்ஜி மரபணுவில் மாற்றம் இருந்தது. ஐசோனியசிட்டுக்குக் கிருமி அடங்காது. அந்த மாத்திரையை நிறுத்தி, லிவோஃப்ளாக்சசினைச் சேர்த்து, புதிதாக ஆறு மாதம் என்று சிகிச்சையை மாற்றினார்கள். கட்டி வீங்கியது கிருமியின் மருந்து எதிர்ப்பினாலா, உடலின் எதிர்வினையாலா என்று அதற்குப் பிறகும் யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்றை மட்டும் மருத்துவர் விளக்கினார். முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு மருந்துகள் மூன்றாகக் குறையும். அதில் ஐசோனியசிட் வேலை செய்யவில்லை என்றால் ரிஃபாம்பிசினும் எத்தம்பூட்டாலும் மட்டும் தாங்க வேண்டும். அப்படித் தாங்கும்போது ரிஃபாம்பிசினையும் கிருமி எதிர்க்கக் கற்றுக்கொள்ளலாம். அந்த நிலைக்குப் போய்விட்டால் வைத்தியம் வேறு தளத்துக்குப் போய்விடும்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்த அபூர்வம் இல்லை. 2014 முதல் 2016 வரை இந்தியா முழுக்க நடந்த தேசிய மருந்து எதிர்ப்பு ஆய்வில், புதிதாக நோய் கண்டவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்கு ஐசோனியசிட் எதிர்ப்பு இருந்தது. முன்பே சிகிச்சை எடுத்தவர்களில் 25 சதவீதம். ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டையும் எதிர்க்கும் பன்மருந்து எதிர்ப்போ புதியவர்களில் 3 சதவீதத்துக்கும் குறைவு. நாம் முதல் நாளில் கேட்கும் கேள்வி இந்தச் சின்ன எண்ணைப் பிடிக்கிறது. ஐசோனியசிட்டை மட்டும் எதிர்க்கும் கிருமி அந்தக் கேள்வியில் சிக்காமல் போய்விடுகிறது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை என்று வந்தால் அடுத்த மாதிரியை லைன் புரோப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டத்தின் விதி. கிருமி நிறைந்த சளியில் அது நேரடியாக நடக்கும். எங்கள் வீட்டுப் பெண்ணுடையதைப் போல் கிருமி குறைந்த சீழில், முதலில் வளர்த்தாக வேண்டும். யாருக்குக் கிருமி குறைவோ அவருக்குத்தான் காத்திருப்பும் அதிகம்.

எதை மேம்படுத்துவது

விரைவுச் சோதனையை மேம்படுத்துவது என்றால் பேச்சு முழுக்க இன்னும் எத்தனை கிருமிக்கு இறங்கலாம், இன்னும் எத்தனை நிமிடம் குறைக்கலாம் என்றே போகிறது. எனக்கு அதில் மறுப்பில்லை, ஆனால் வரிசை தவறு என்று நினைக்கிறேன். நூறிலிருந்து பதினாறுக்கு இறங்கியதற்கு ஒரு விலையும் உண்டு. சோதனை பார்ப்பது டிஎன்ஏவை. கிருமி செத்த பிறகும் டிஎன்ஏ உடம்பில் கொஞ்ச காலம் கிடக்கும். முன்பே சிகிச்சை முடித்தவருக்கு அல்ட்ராவில் ‘ட்ரேஸ்’ என்று வந்தால், அது மறுபடி வந்த நோயா, பழைய மிச்சமா என்று மருத்துவர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த விடையில் ரிஃபாம்பிசின் பற்றிய தகவலும் இருக்காது.

முதலில் செய்ய வேண்டியது, முதல் நாளே ஐசோனியசிட்டையும் கேட்பது. இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு வேண்டியதில்லை. ரிஃபாம்பிசினையும் ஐசோனியசிட்டையும் சேர்த்துப் பார்க்கும் தானியங்கிச் சோதனைகளையும், ஐசோனியசிட், லிவோஃப்ளாக்சசின் சேர்ந்த ஃப்ளோரோகுவினோலோன் வகை முதலியவற்றைப் பார்க்கும் இன்னொரு கார்ட்ரிட்ஜையும் உலக சுகாதார நிறுவனம் 2021இலேயே பரிந்துரைத்துவிட்டது. தடை விலையும் கருவியும்தான். முதல் வகைக்குப் பெரிய பரிசோதனைக்கூடம் வேண்டும். இரண்டாவது கார்ட்ரிட்ஜ் பழைய இயந்திரத்தில் ஓடாது, பத்து நிறம் பார்க்கும் புது அலகு வேண்டும். வழக்கமான கார்ட்ரிட்ஜின் சலுகை விலையே 2012 முதல் 9.98 டாலரில் நின்று, உலகெங்கும் நோயாளர் அமைப்புகளும் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2023 செப்டம்பரில்தான் 7.97 ஆனது. ஐந்து டாலருக்குள் தர முடியும் என்று அவர்கள் கணக்குக் காட்டுகிறார்கள். அரசுகள் மொத்தமாக வாங்கும் பொருளுக்கு இந்த விலைப் பேரம்தான் உண்மையான ஆராய்ச்சி என்றுகூடச் சொல்வேன்.

குழந்தைகள் விஷயத்தில் நல்லது நடந்திருக்கிறது. சளி துப்பத் தெரியாத குழந்தைக்கு விடிகாலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பார்கள். பெற்றவர்கள் அதைப் பார்த்துத் தாங்க முடியாது. இப்போது மலத்திலேயே சோதிக்கலாம் என்று பரிந்துரை வந்துவிட்டது. நாக்கைத் துடைத்தெடுத்த பஞ்சுக் குச்சியில் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. சளியைவிட அது சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கிறது, ஆனால் சளியே வராதவரிடம் சளிச் சோதனையின் திறமையைப் பேசி என்ன பயன்? இவை எல்லாம் மாதிரி எடுக்கும் விதத்தை மாற்றுகிறவை. என் கவலையும் அங்கேதான்.

நம் சென்னைக்கு இதில் ஒரு பழைய பாத்தியதை இருக்கிறது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் இடத்தில், 1956இல் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார்கள். தாம்பரம் போன்ற சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம் அது. இந்த ஊரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவினருக்கு அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலித்தது என்று 1959இல் முடிவு வெளியானது. கூட இருந்தவர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை. உலகின் காசநோய் மருத்துவமே அதன் பிறகு திசை மாறியது. அவர்கள் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். இருக்கிற சோதனைக்கு மாதிரி எப்படி வந்து சேர்கிறது என்று அதே அக்கறையோடு கேட்க இந்த ஊரைவிடத் தகுந்த ஊர் இல்லை.

சிகிச்சை முடிந்து, கட்டிகள் சுருங்கிய பிறகு, முதலில் அறுவை செய்த மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. நடந்ததைச் சொல்ல யாராவது ஒருவர் வேண்டுமே என்று போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ‘உண்மையைச் சொல்றேன் சார், எனக்கு டிபி ஞாபகமே வரல. சின்னப் பொண்ணு, வலியில்லாத கட்டி. நெறியில வர்ற புற்றுநோய், லிம்ஃபோமாவா இருந்துடக் கூடாதேன்னுதான் மனசுல ஓடிச்சு. அதுக்கு ஃபார்மலின்தான் வேணும்’ என்றார்.

அதுவரை நான், காசநோய் என்று சந்தேகப்பட்டும் யாரோ கவனிக்காமல் விட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் இன்னொரு பக்கம் தெரிந்தது. சந்தேகம் வந்தால் சலைனில் போடு என்று எத்தனை வழிகாட்டுதல் எழுதினாலும், சந்தேகமே வராத நோயாளியை அது காப்பாற்றாது. புற்றுநோயா என்று அஞ்சி எடுக்கும் கட்டிகளில்தான் காசநோய் ஒளிந்திருக்கிறது. ஆகவே நெறிக்கட்டி எதுவாக இருந்தாலும், யார் எதை நினைத்தாலும், ஒரு சிறு துண்டு சலைனுக்குப் போயாக வேண்டும். நம் நாட்டில் இதற்கு விதிவிலக்கே வைக்கக் கூடாது. பயாப்ஸி முடிவு வரும் வரை அதைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, கிரானுலோமா என்று வந்தால் அன்றே சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பலாம்.

இதை அவரிடமே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அரங்குப் பொறுப்புச் செவிலியரை உள்ளே கூப்பிட்டார். ‘சிஸ்டர், இனிமே நெறிக்கட்டி கேஸ் எதுவா இருந்தாலும் தள்ளுவண்டியில ரெண்டு பாட்டில் வைங்க. ஒண்ணு ஃபார்மலின், ஒண்ணு வெறும் சலைன். நான் கேக்கலன்னாலும் நீங்க எடுத்து நீட்டுங்க’ என்றார். செவிலியர், ‘சலைன் பாட்டில்ல என்னன்னு லேபிள் எழுதறது டாக்டர்?’ என்று கேட்டார். பேனாவை எடுத்து, அதற்கான வாசகத்தை மருத்துவரே எழுதத் தொடங்கினார்.